திங்கட்கிழமை

கைபேசியை ஃப்ரீசருக்குள் வைத்தேன்,
காட் மீனுக்கும் ஆட்டுத்தொடைக்கும் நடுவில்.

நவம்பர். ஐஸ்லாந்தின் மேற்கு முனை.
பத்தரைக்கு மேல்தான் விடிகிறது.
போன வாரம் மூன்று அடக்கம், ஒரு ஞானஸ்நானம்,
நள்ளிரவில் குடித்துவிட்டு வாசலில் அழுத ஒருவன்.
எல்லாருக்காகவும் ஜெபித்தேன்.
சொன்ன வார்த்தை எதிலும் நான் இல்லை.

இன்று வெந்நீர்க் குளத்தில்
கழுத்துவரை இறங்கிவிட்டேன்.
பக்கத்தில் ஸ்டெய்னுன், மீன் ஆலையில் கத்தி பிடிப்பவள்.
"போதகரம்மா, ஒரு விஷயம்..." என்று தொடங்கியவள்
என் முகத்தைப் பார்த்தாள்.
"அப்புறம் ஆகட்டும்."
கொஞ்சம் தள்ளி உட்கார்ந்துகொண்டாள்.

நெற்றியில் பனி விழுந்து கரைந்தது.
ஆண்டவரே, என்றேன்.
அதற்குமேல் எதுவும் கேட்கத் தோன்றவில்லை.
இருவரும் சும்மா இருந்தோம்.

வீட்டில்,
மீன்களை யாரோ அழைத்துக்கொண்டிருக்கலாம்.