செல்லுபடியாகும் நாள்

புதன்கிழமை தபால்பெட்டியில்
விளம்பரத்தாள் ஈரமாய்க் கிடக்கும்.
வுப்பர்டால் மழை யாரையும் கேட்டுப் பெய்வதில்லை.

நகம் வெட்டும் கத்தரியால்
புள்ளிக்கோட்டின் மேலே மெல்லப் போவேன்.
கோப்பிக்கு ஒரு யூரோ கழிவு.
சவர்க்காரத்தூள் இரண்டு எடுத்தால் மூன்று.
பூனைத் தீனிக்கு நாற்பது சதம்.
எங்களிடம் பூனை இல்லை,
ஆனாலும் வெட்டுவேன்.
மேல்மாடி பிரிகிட்டேயிடம் பூனை இருக்கிறது,
வெண்ணெய்க் கூப்பனும் இருக்கிறது.

முதல் தடவை
எனக்குப் பின்னால் வரிசையில் ஏழு பேர்.
காசாளப் பெண் தாளைத் திருப்பி
எறும்பு எழுத்தில் விரல் வைத்தாள்:
கியுல்திக் பிஸ்.
இந்த நாள் வரைதான் செல்லும்.
அந்த நாள் நேற்று.
தயிர்ச் சட்டியைத் திரும்ப வைக்கப் போனேன்,
விரல்கள் விறைக்க.

இந்த மொழியில் நான்
பிழையில்லாமல் சொல்வது
அந்த இரண்டு சொல்லைத்தான்.

இன்றைய மிச்சம் நான்கு யூரோ அறுபது.
நிவேதனின் பள்ளிச் சுற்றுலா டப்பாவில் போட்டுவிட்டுப்
பணப்பையைக் கொட்டி அடுக்கினேன்:
கோப்பி, தூள், பூனை,
இடையில் வதிவிட அட்டை.
அதிலும் அதே இரண்டு சொல்.
மார்ச் பதினொன்று.

பூனைத் தீனி சனிக்கிழமையோடு முடிகிறது.
மேலே விளக்கு எரிகிறதா, பார்க்க வேண்டும்.