பத்து விரல்

காலையில் போன் என்னை நம்பவில்லை.
கட்டைவிரலை வைத்தேன்,
சட்டையில் துடைத்துவிட்டுத் திரும்ப வைத்தேன்.
மீண்டும் முயலவும், என்றது.

பதினான்கு நாள் குளிசை, ஏழு நாள் ஓய்வு.
இது பதினோராவது சுற்று.
பாவித்துத் தேய்ந்த சவர்க்காரம் போல
வழுவழுத்துவிட்டன விரல் நுனிகள்.

தொண்ணூற்றொன்றில், மிராபெல் விமான நிலையத்தில்
ஒருவர் என் பத்து விரலையும்
ஒவ்வொன்றாய் மையில் உருட்டி எடுத்தார்.
அந்த ரேகைகள் இன்னும் ஒட்டாவாவில்
ஏதோ ஓர் இரும்பு அலமாரியில் இருக்கக்கூடும்.
என்னிடம்தான் இல்லை.

உள்ளி உரிப்பதும் போத்தல் மூடி திறப்பதும்
இப்போது குகதாசனின் வேலை.
உரித்துவிட்டு ஒவ்வொரு பல்லையும் எண்ணி வைப்பார்,
கணக்குக் காட்டுகிறவர் போல.

தமிழ்க் கடையில் இராசமலர் பிடித்துக்கொண்டாள்:
"தலைமயிர் நல்லா வந்திட்டுது, அப்ப சுகம்தானே?
எப்ப முடியும் உந்த மருந்து?"
"நான் முடியேக்க."
முருங்கைக்காய்க் கட்டு அவள் கையில் அப்படியே நின்றது.
பாவமாக இருந்தது.
என்ன விலை போட்டிருக்கிறாங்கள் என்று கேட்டு
அவளைக் கரையேற்றினேன்.

அக்டோபர் வந்தால் மண்டபம் முழுக்க ரோஸ் நிறப் பலூன்.
"நீங்கள் போராடி வென்ற கதையைச் சொல்லுங்கோ அக்கா,
ஒரு பத்து நிமிசம்."
போர், களம், வெற்றி, வீழ்ச்சி:
இந்தச் சொற்களை விட்டுவிட்டுத்தானே
பிள்ளையைத் தூக்கிக்கொண்டு விமானம் ஏறினேன்.
என் எலும்புக்குள் யாரும் போராடவில்லை.
மாதம் ஓர் ஊசி போகிறது.
மூன்று மாதத்துக்கொருமுறை படம் பிடிக்கிறார்கள்.
படம் வரும்வரை
நான் சோற்றுக்கு இரண்டுதரம் உப்புப் போடுகிறேன்.

பெப்ரவரியில் குயின்ஸ் பார்க்.
குழு முன்னால் மூன்று நிமிடம்.
பிலோமினாவும் நானும் ஒன்றரை ஒன்றரையாய்ப்
பிரித்து எழுதி வைத்திருந்தோம்.
அவளுடைய ஒன்றரையும் இப்போது என் பையில்,
அவள் கையெழுத்தில்,
'மெதுவாக வாசி' என்று மேலே குறித்தபடி.

கண்ணாடி போட்ட ஒருவர் கேட்டார்:
உங்களைப் போல் எத்தனை பேர் இருக்கிறார்கள்?

அதைத்தான் ஐயா நானும் கேட்க வந்தேன்.
மார்பில் வந்தபோது என்னை எழுதினீர்கள்.
ஏழு வருடம் கழித்து இடுப்பெலும்பில் வந்தபோது
எழுத உங்கள் படிவத்தில் கட்டம் இல்லை.
அடுத்ததாக என்னை எழுதப்போவது
நான் செத்த அன்றுதான்.
இடையில் இருக்கிற இந்த ஆளை,
பஸ் ஏறி, வரி கட்டி, தாள் பிடித்தபடி
உங்கள் முன்னால் நிற்கிற இந்த ஆளை,
எந்தக் கணக்கில் வைத்திருக்கிறீர்கள்?

பிறகு கொப்பியைத் திறந்தேன்.
செவ்வாய்க்கிழமைகளில்
காத்திருப்பு அறையில் கேட்டு, சம்மதம் வாங்கி எழுதியது.
பிலோமினா. ஒடெட். ஹர்ஜிந்தர். மெய் லிங்.
தங்கேஸ்வரி, அவளுக்கு முப்பத்து நான்கு.
பத்து விரலைத் தாண்டி
இரண்டாம் சுற்றில் எண்ணிக்கொண்டிருந்தேன்.

"மன்னிக்கவும், உங்கள் நேரம் முடிந்துவிட்டது."
"தெரியும்" என்றேன்.

யாரோ சிரிக்கத் தொடங்கி நிறுத்தினார்கள்.
கண்ணாடிக்காரர் எதையோ குறித்துக்கொண்டார்.
பெயரா, எண்ணா, மதியச் சாப்பாடா,
எனக்குத் தெரியாது.

திரும்பும் பஸ்ஸில் உள்ளங்கால் நெருப்பாய் எரிந்தது.
எழுந்து இடம் தர எந்தப் பொடியனுக்கும் தோன்றவில்லை.
பிழை சொல்ல முடியாது,
லிப்ஸ்டிக் பூசியிருந்தேன்.
மார்க்கம் வீதியில் ஒரு சீட் கிடைத்தது.
கையுறையைக் கழற்றி,
ஆவி படிந்த யன்னலில்
பத்து விரலையும் பதித்தேன்.
அப்பாடா, என்ன குளிர்.

எடுத்தபோது
கோடு எதுவும் இல்லாத பத்துப் பொட்டு.
அதனூடாகப் பார்த்தேன்:
பனி வழிக்கும் வண்டி ஒன்று,
தோடம்பழ நிற விளக்குச் சுழல,
எல்ஸ்மியரைத் துப்புரவாக்கிக்கொண்டு போனது.