வளையக்காரிச் சுனை

முள்படலுக்கு இந்தப் பக்கமே
டிவிஎஸ்ஸை நிறுத்திவிட்டார் நாச்சிமுத்து.
"நீங்க போயிட்டு வாங்க.
பொழுது உச்சிக்கு வந்திருச்சு,
நான் கெழக்க பாத்து நின்னுக்கறனுங்."

காங்கயத்திலிருந்து பதினேழு கிலோமீட்டரும்
பின்னால் உட்கார்ந்து கேட்டுக்கொண்டே வந்தேன்,
பாதியைக் காற்றாலைகள் தின்றது போக:

தாது வருஷத்தில் ஒருத்தி வந்தாளாம்,
வளையல் பெட்டி தலையில்.
வாசல் வாசலாகத் தண்ணி கேட்டாளாம்.
என்ன சாதி என்றார்களாம். சொன்னாளாம்.
அப்புறம் இந்தச் சுனைக்கு வந்து
குனிந்தவள் நிமிரவில்லையாம்.
இன்றைக்கும் உச்சிவெயிலில் உள்ளிருந்து
"கையை நீட்டு கண்ணு, போட்டுவிடறேன்" என்பாளாம்.
நீட்டின கை மணிக்கட்டோடு சில்லிட்டுப் போகுமாம்.

"என்ன சாதின்னு சொன்னா?" என்று கேட்டேன்.
வண்டி பள்ளத்தில் இறங்கிய சத்தத்தில்
அவருக்குக் கேட்கவில்லை.

கொறங்காடு.
கொழுக்கட்டைப்புல் காய்ந்து, கிளுவை வேலியோரம்
ஒரு மயில் தன் நிழலைக் கொத்திக்கொண்டிருந்தது.
வெள்வேல மரத்தடியில்
மாட்டுத்தொட்டி அளவுக்குத்தான் சுனை.
இவ்வளவு கதைக்கு இது போதாது என்று பட்டது.
செந்துரு படிந்த பாறை.
பழைய சாவியை நாக்கில் வைத்த மாதிரி வாடை.
அடியிலிருந்து கிளம்பும் குமிழ் மேலே வந்து உடைந்து
வட்டமாய் விரிகிறது,
அதற்குள் இன்னொன்று, அதற்குள் இன்னொன்று.
வளையல்தான். ஊர் அதில் பொய் சொல்லவில்லை.

கையுறையைக் கழற்றினேன்.
(இதை அறிக்கையில் எழுத முடியாது.)
மணிக்கட்டு வரை விட்டேன்.
ரோமங்களில் குமிழ்கள் வரிசையாய் ஒட்டி
ஒரு பிடி, மிக லேசாக,
அளவு பார்க்கிறவள் பிடிப்பதுபோல.

"அங்க கலங்கிக் கெடக்குங்.
இந்தப் பக்கம் வந்து அள்ளுங்க."

தூக்கிவாரிப் போட்டது.

நாலு செம்மறி, ஒரு தூக்குப்போசி,
பெயிண்ட் பேர் அழிந்த வெள்ளைக் கேன்.
பழனாத்தாள் என்று பேர் சொன்னாள்.
முழங்கால் மடங்கவில்லை;
காலைப் பரப்பி, கோலை ஊன்றி,
இடுப்போடு ஒடிந்தாற்போல் குனிந்தாள்.
பயமில்லையா என்றேன்.
சிரித்தாள். பல்லெல்லாம் கருப்பட்டிக் கோடு.

"அவ இருக்கறதுனாலதானுங் ஊர்ச்சனம் இங்க வராது.
ஊர்க்கெணத்துல எங்களை எறங்க உட்டாங்களா?
எங்கம்மா இதத்தான் குடிச்சா, நானும் இதத்தான்.
தை நோம்பிக்கு அவளுக்கு ஒரு டசன் வளையல் போடறமுங்,
பச்சையில. அவளுக்குப் பச்சைதான் புடிக்கும்."

சோதனைக் குழாயில் ஐந்து மில்லி,
மருந்து சில சொட்டு.
ரோஜா நிறத்தில் நின்றால் நல்ல தண்ணீர்.
நிற்கவில்லை.
அட்டையின் கடைசிக் கட்டத்தையும் தாண்டி
மஞ்சளாகிக்கொண்டே போனது,
புதுத் தாலிக்கயிற்றின் மஞ்சள்.

ஃபுளோரைடு என்று எழுதினேன்.
அந்தச் சொல் நாற்பது வருஷமாக
அவள் பல்லிலும் முழங்காலிலும் குடியிருப்பதை
எந்த வார்த்தையில் சொல்வதென்று தெரியாமல்
"இதைக் குடிக்க வேண்டாங்க" என்றேன்.

"வேற எதைங் குடிக்கறது?" என்றாள்,
சந்தையில் விலை விசாரிக்கிற குரலில்.

பதில் வரும்வரை ஆடு நிற்காது.
கேனைத் தூக்கி அவள் இடுப்பில் வைத்தது
நான்தான்.

படலுக்கு வெளியே நாச்சிமுத்து
இன்னும் முதுகைக் காட்டியபடி.
"பாத்தீங்களா?"
"பார்த்தேன்."
"எப்படி இருந்தா?"
திரும்பினார். வெள்ளை வெளேரென்று பல்,
ஊர்க்கிணற்றுப் பல்.
"முழங்கால் மடங்கலைங்க" என்றேன்.

வண்டியை உதைத்தார்.
இன்னொரு தரம் உதைத்தார். கிளம்பவில்லை.
என் மணிக்கட்டில் காய்ந்துகொண்டிருந்தது
துரு நிறத்தில் ஒரு வட்டம்.