உண்மைத்தன்மை

லேமினேஷன் செய்த தாளில்
முத்திரை நிற்காதாம்.
ஏஜென்சிப் பெண் போனில் சொன்னாள்:
"பின்பக்கம்தான் மேடம் வேணும்,
முன்பக்கத்த யாரு பாக்குறா?"

டவுன்ஹால் ரோட்டில் ஒரு சந்து.
ஜெராக்ஸ் மெஷினின் சூட்டுக்குப் பின்னால்
முடி உலர்த்தும் மெஷினோடு அபுதாகிர்.
"எந்த வருசத்து லேமினேசன்?"
இரண்டாயிரத்துப் பதினொன்று.
முதல் சம்பளத்தில் நானே செய்தது,
ஒழுகும் வீட்டுக்குப் பயந்து.
"அப்ப நல்லாப் பிடிச்சிருக்கும்" என்றார்,
நெற்றியைத் தொட்டுக் காய்ச்சல் சொல்கிறவர்போல.

தாளுக்கு நூற்றைம்பது.
கிழிந்தால் கடை பொறுப்பல்ல.
மூலையைச் சூடாக்கி, ஊதி,
பிளேடு நுனியால் தூக்கி,
நெல்மணி நெல்மணியாக
அரை மணி நேரம்.
நான் மூச்சை அவரிடம் கொடுத்துவிட்டு நின்றேன்.

இளம் அறிவியல், இயற்பியல், இரண்டாம் வகுப்பு
வந்துவிட்டது.
உரித்த பிளாஸ்டிக்கை வெளிச்சத்தில் பிடித்தேன்.
என் பெயர் அதில் மெலிதாக
வலமிருந்து இடமாக ஒட்டியிருந்தது.
அதையும் கொடுங்கள் என்றேன்.
"குப்பைம்மா அது."

பெயரிலும் ஒரு சிக்கல்.
தாள்களில் சோ. முத்துப்பேச்சி.
பாஸ்போர்ட்டில் அந்தச் 'சோ'
முழுதாய் விரிந்து குடும்பப் பெயராய் உட்கார்ந்துவிட்டது.
அங்கே பிள்ளைகள் என்னை
மிஸ் சோணைமுத்து என்பார்களாம்.
பத்தாவதோடு போதும் என்ற அப்பா
கடல் தாண்டி இயற்பியல் நடத்தப் போகிறார்.

பெரியாரில் ஏறிக்
காளவாசல் தாண்டி நாகமலைக்கு.
ஃபைலைப் பிள்ளைபோல மடியில் வைத்திருந்தேன்
என்று எழுத முடியாது.
பிள்ளை ஜன்னலோரம் முறுக்கு தின்றுகொண்டிருந்தான்.
லோகித், இரண்டாம் வகுப்பு.
விட்டுவர ஆளில்லாத செவ்வாய்க்கிழமை.

பல்கலைக்கழகத்தில்
செலான், வரிசை, மதியச் சாப்பாடு,
மறுபடி வரிசை.
தடித்த பேரேட்டில் விரலை ஓட்டியவர்
ஓரிடத்தில் நிறுத்தினார்.
"மூணாவது செமஸ்டர், ஒரு பேப்பருக்கு வரலையே?"
அடுத்த முறை எழுதித் தேறிவிட்டேன், சார்.
"அது தெரியுது. அன்னைக்கு ஏன் வரல?"
அவருக்கு அது தேவையே இல்லை.
பேரையூர்ப் பக்கம் சண்டை,
மூணு நாள் பஸ் ஓடல என்றேன்.
பதினெட்டு வருடத்தில்
முதல்முறையாக ஒருவர் கேட்டிருக்கிறார்.
தலையை ஆட்டிவிட்டுப் பக்கத்தைப் புரட்டினார்.

லோகித் கேட்டான்,
"நீ படிச்சது பொய்யாம்மா?"
இல்லடா.
"அப்ப எதுக்கு செக் பண்றாங்க?"
வரிசையில் ஒருவர் சிரித்தார்.
நான் அனுபவச் சான்றை நினைத்துக்கொண்டேன்.
பன்னிரண்டு ஆண்டு என்பது நிஜம்.
கையெழுத்துப் போட்ட சம்பளம் அதில் இருக்கிறது.
கைக்கு வந்த சம்பளம் இல்லை.
அதைச் சரிபார்க்க எந்தப் பேரேடும் இல்லை.

நாலரைக்கு உறை வந்தது.
பசை, அதன்மேல் அரக்கு, அதன்மேல் முத்திரை.
"பிரிக்கக் கூடாதும்மா,
பிரிச்சா செல்லாது."
என்னைப் பற்றி உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று
என்னைத் தவிர எல்லோருக்கும் தெரியலாம்.

பஸ் நிறுத்தத்தில் வெயில் மலைக்குப் பின்னால் சரிந்தது.
அந்தத் தீவை
இருபது நிமிடத்தில் சுற்றி நடந்துவிடலாமாம்.
அதன் பெயர் இன்னும் என் நாக்கில் உட்காரவில்லை.
ஒப்பந்தத்தின் மூன்றாம் பக்கத்தில்
சின்ன எழுத்தில் இருக்கிறது:
குடும்ப விசா இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகே.

"நாம கப்பல்லயா போவோம், ஏரோப்ளேன்லயா?"
முதல்ல பேப்பர் எல்லாம் வரட்டும் என்றேன்.
அவன் உறையை வாங்கி
மிச்ச வெயிலுக்கு நேராகப் பிடித்து
ஒற்றைக் கண்ணால் பார்த்தான்.
"ஒண்ணும் தெரியலம்மா."
கசக்காமல் பிடி என்றேன்.
திருமங்கலம் போகும் வண்டி வந்து,
நிற்காமல் போனது.