பார்க்க மட்டும்

தொட்டுக் கொஞ்ச வேண்டுமென்றால் பூனை வாங்கிக்கொள் என்றார்
கெமியில் இதை எனக்கு விற்ற வாராலா.
தலையணை உறையில் முடிந்து
மீன்பெட்டிக்குள் வைத்துக் கொடுத்தார்.
பெட்டி காலியோ என்று
வழியில் இரண்டு முறை வண்டியை நிறுத்தினேன்.

மூன்று வருடம் தொடவில்லை.

கதவுயரக் கண்ணாடிக்குள் ஐந்து பிர்ச் கிளைகள்.
கட்டைவிரல் கனத்தில் ஒன்று,
மற்றவை அதைவிட மெலிசு.
மெலிசில்தான் அது படுக்கும்.
மரப் போவா. துருவேறிய ஆணியின் நிறம்,
அடிவயிற்றில் மட்டும்
யாரோ தவறிச் சிந்திய மஞ்சள்.
காலையில் நீர் தெளித்தால்
தன் உடம்பின் மடிப்பில் தேங்கிய சொட்டுகளைத்
தானே குடிக்கும்.

பார்க்க வருகிறவர்கள் பகலில் வருகிறார்கள்.
செத்துப்போச்சா என்கிறாள் கீழ்வீட்டு ஹில்லெவி.
இல்லை, இன்னும் வேலைக்குக் கிளம்பவில்லை.

நானும் அந்த ஜாதிதான்.
இரவு பதினொன்றுக்குப் பனிவாரி வண்டி எடுத்து
ஓலு நகரத்துத் தெருக்களை வழித்துத் தள்ளிவிட்டு
ஐந்து மணிக்கு வந்தால்
வாலால் கிளையைப் பிடித்தபடி
பாதி உடம்பை அந்தரத்தில் நீட்டி
அசையாமல் நிற்கும்.
விழுந்துகொண்டே இருந்த கயிறு
மனம் மாறி நின்றுவிட்ட மாதிரி.
பூட்ஸைக் கழற்ற மறந்து பார்ப்பேன்.
உருகிய பனி தரையெல்லாம் ஓடும்.

அதன் உதட்டோரக் குழிகளுக்குத் தெரிவது வெப்பம்.
அவற்றின் கணக்கில்
அந்த அறையில் இருப்பது இவ்வளவுதான்:
ஒரு விளக்கு,
சதுப்பில் பறித்த லக்காப் பழங்களுக்குப் பக்கத்தில்
மாதக்கணக்காய் உறைந்து கிடந்து
இப்போதுதான் வெந்நீரில் சூடேறிய ஓர் எலி,
விழுங்க முடியாத அளவுக்குப் பெரிய
இன்னோர் எலி.
அது நான்.

ஜனவரியில், வெளியே மைனஸ் முப்பத்து நான்கு இருந்த இரவில்
மின்சாரம் போனது.
கண்ணாடிக்குள் முள்
இருபத்தெட்டிலிருந்து இறங்கி இறங்கிப்
பதினேழைத் தொட்டது.
பாம்பைக் கண்டு நடுங்குவது ஊர் வழக்கம்.
குளிரில் நடுங்கக்கூடத் தெரியாது இதற்கு.
இன்னும் இறுக்கிக் கிளையைப் பிடித்துக்கொண்டது,
அவ்வளவே.

தடித்த கையுறையோடு அவிழ்க்க வரவில்லை.
கழற்றினேன்.
முதல் கடி மணிக்கட்டில்.
இரண்டாவதும் அதே இடத்தில்.
மூன்றாவதற்கு வாயைத் திறந்தது,
தெம்பில்லாமல் மூடிக்கொண்டது.
அதுதான் பயமாக இருந்தது.

ஸ்வெட்டருக்குள் விட்டுக்கொண்டேன்.
ஈரக் கயிறு போல விலாவைச் சுற்றியது.
பனிவாரியின் ஹீட்டரை முழுசாகத் திருப்பி
யாரும் கூப்பிடாத தெருக்களை எல்லாம் வழித்தேன்.
வயர்லெஸ்ஸில் தார்மோ கேட்டான்,
இன்றைக்கு உனக்கு விடுமுறை இல்லையா?
தூக்கம் வரவில்லை என்றேன்.
உண்மைதான்.
இதயத்துக்குச் சற்றுக் கீழே
ஒரு தலை மெதுவாக இடம் மாறிக்கொண்டிருந்தது,
சூடு எங்கே அதிகம் என்று பார்த்தபடி.
பாசம் என்று சொல்ல மாட்டேன்.
விளக்கிருந்தால் விளக்கோடு போயிருக்கும்.
ஆனாலும் கைகாட்டி விளக்குகள் அணைந்த நாற்சந்தியில்
ஒரு முறை
மூச்சை மெதுவாக விட்டேன்,
அதன் பிடி கலையாமல்.

ஏழு மணிக்கு மின்சாரம் வந்தது.
மறுநாள் இரவு வழக்கம்போலக் கண்ணாடிக்கு முன் நின்றேன்.
என் மூக்கு இருந்த இடத்தைக் குறிவைத்து
டக்கென்று அடித்தது.
கண்ணாடியில் ஒரு சின்ன ஈரம்.
தேறிவிட்டது.

இரண்டு வாரம் கழித்துச் சனிக்கிழமை சௌனாவில்
மணிக்கட்டு அரித்தது.
வியர்வையோடு வெளியே வந்தது
முறிந்து உள்ளே தங்கியிருந்த ஒரு பல்.
மீன்முள்ளைவிட மெலிசு,
லேசாக உள்நோக்கி வளைந்து.
உள்ளங்கையில் வைத்து வெளிச்சத்துக்குத் திருப்பினேன்.
ஹில்லெவி கல்லின்மேல் ஒரு கரண்டி தண்ணீர் ஊற்றினாள்.
ஆவி எழுந்து கண்ணை மறைத்தது.

குனிந்து பலகை இடுக்கில் தடவிக்கொண்டிருந்தபோது
என்ன தேடுகிறாய் என்றாள்.
ஒன்றுமில்லை, கீழே விழுந்துவிட்டது என்றேன்.