நாளைக்கு என்று எழுதிய பெயர்கள்

நாலு நாளாக ஆறு ரோட்டில் ஓடியது.
இன்று காலை பாலத்தின் கைப்பிடிச் சுவர் தெரிந்தது.
அதில் சிக்கியபடி ஒரு வாழைத்தார்,
யாருடையதோ ஒரு பள்ளிக்கூடப் பை.

செக்‌ஷன் ஆபீஸ் மேசை ஊறிக் கிடக்க
ஜீப் பானட்டின் மேல்
காலண்டர் அட்டையைக் கவிழ்த்துப் போட்டு எழுதினேன்:
புகார் நாற்பத்தொன்று.
ஆட்கள் ஏழு பேர்.
ஏணி ரெண்டு. ஸ்டோரில் டிரான்ஸ்பார்மர் ஒன்று.
பொழுது சாய ஒன்பது மணி நேரம்.

முதலில் வந்த குரல்தான் முதல் வேலை என்று
நேற்று முழுக்க ஓடினோம்.
சிந்துபூந்துறையில் ஒரு கம்பி,
மீனாட்சிபுரத்தில் ஒரு ஃப்யூஸ்,
கைலாசபுரத்தில் பாதி நிமிர்த்திய கம்பம்.
ராத்திரி பார்த்தால்
ஓட்டம் மட்டும் முழுசாக இருந்தது,
வெளிச்சம் ஒரு தெருவில்கூட இல்லை.

ஆகவே இன்று
போனை ஃபோர்மேன் மைதீன் பிச்சையிடம் கொடுத்துவிட்டு
அட்டையின் தலையில் ஒரே ஒரு கேள்வி எழுதினேன்:
எதற்குக் கரண்ட் வந்தால்
மற்றதெல்லாம் கொஞ்சம் பொறுக்கும்?

ஆஸ்பத்திரியில் ஜெனரேட்டர் இருக்கிறது,
நடுராத்திரி வரை டீசல்.
இரண்டு தரம் விசாரித்துவிட்டேன்.
அதனால் அது இரண்டாவது.
அப்படி எழுதும்போது பேனா கொஞ்சம் நின்றது.

முதலாவது, ஆற்றங்கரைக் குடிதண்ணீர் மோட்டார்.
ஊரைச் சுற்றி இவ்வளவு தண்ணீர்,
காலிக் குடத்தோடு நிற்கிறது ஜனம்.

"அப்போ கல்யாண மண்டபம் மேடம்?
முந்நூறு பேரு கெடக்காவ" என்றான் பேச்சிமுத்து.
மூன்று.
அங்கே சோறு உண்டு, மெழுகுவத்தி உண்டு,
பாத்ரூமில் தண்ணீர்தான் இல்லை.
முதலாவது முடிந்தால் மூன்றாவதில் பாதி முடிந்தது.

நான்காவதாக எழுதினேன்:
சோறு. ஒரு மணி நேரம் படுக்கை.
சுடலைமணி சிரித்தான்.
கட்டிங் பிளேயரைப் பிடிக்கும்போது
அவன் கை நடுங்கியதைக் காலையில் பார்த்திருந்தேன்.
அடித்துவிட்டு அதை
ஒன்றுக்கும் இரண்டுக்கும் நடுவில் நுழைத்தேன்.

பிறகு ஒரு கோடு.

கோட்டுக்கு மேலே எழுதுவதுதான் திட்டம்
என்று இத்தனை வருசம் இருந்தேன்.
மேலே எழுதுவது லேசு.
கீழே முப்பத்தெட்டுப் பெயர்கள்.
கவுன்சிலர் தெரு.
கோவில் வாசல்.
ரைஸ்மில் பலவேசம் அண்ணாச்சி, ஈரத்தில் நூறு மூட்டை நெல்.
வள்ளிமயில் டீச்சர், ஃபிரிட்ஜில் இன்சுலின்.

இன்சுலினுக்குக் கரண்ட் வேண்டாம்,
ஆஸ்பத்திரி ஃபிரிட்ஜில் ஒரு மூலை போதும்.
பைக்கில் ஒருத்தனை அனுப்பினேன்.
ஒரு பெயர் குறைந்தது.

மற்றவர்களுக்கு நானே பேசினேன்.
பார்க்கிறோம் என்று சொல்லவில்லை.
வந்துகிட்டே இருக்கோம் என்று சொல்லவில்லை.
"இன்னைக்கு இல்லை.
நாளைக்குப் பதினோரு மணிக்கு."

அண்ணாச்சி ஏசினார்.
வெவரங்கெட்ட பொம்பள கையில ஊரக் குடுத்திருக்கானுவ என்றார்.
கொஞ்ச நேரம் மூச்சுச் சத்தம்.
அப்புறம்,
"பதினொண்ணுன்னா பதினொண்ணுதான?
சரி, நெல்ல மாடிக்கு ஏத்துதேன்."

கடைசிப் பெயர் நானே சேர்த்தது.
உடையார்பட்டி, என் வீடு.
அங்கே மட்டும் போன் பண்ணவில்லை.
ஆவுடைக்குப் புரியும்.
என்ன புரியும், அஞ்சு வயசு.

ரெண்டேகாலுக்கு மோட்டார் இரைந்தது.
தெருக் குழாயில் முதலில் காற்று,
பிறகு செம்மண், பிறகு தண்ணீர்.
ஆஸ்பத்திரி முடிய இருட்டிவிட்டது.
மண்டபத்துக்கு நேரில் போய்ச் சொன்னேன்,
இன்னைக்கு ஆகலை என்று.
யாரோ ஒரு டம்ளர் கருப்பட்டிக் காப்பி நீட்டினார்கள்,
முகம் தெரியவில்லை.

ஜீப்பில் ஏறி அட்டையைத் திருப்பினேன்.
முன்பக்கத்தில் தாள்கள் கூழாகி
வெள்ளம் வந்த அன்றைக்கே
நின்றுபோயிருந்தது தேதி.
நகத்தால் சுரண்டிச் சுரண்டி
நாளையைத் தேடினேன்.