எண்பது எழுத்து அகலம்

எண்பது எழுத்து அகலம்,
இருபத்து நாலு வரி உயரம்.
வில்லாபுரத்து மாடி அறையில்
எனக்குக் கொடுத்த மனை இவ்வளவுதான்.
"யார் உள்ளே நுழைஞ்சாலும்
மதுரைக்கு வந்திருக்கோம்னு தெரியணும்"
என்றார் ராம்ஜி சார்.
நுழைகிறவர்கள் மொத்தம் நாலு பேர்.
நாலு பேரும் பிறந்ததிலிருந்து மதுரையில்தான் இருக்கிறார்கள்.

ஆனாலும் கட்டினேன்.
சாய்கோடு, எதிர்ச் சாய்கோடு, நடுவே வேலிக்குறி,
உச்சியில் கலசத்துக்கு ஏழு ஆச்சரியக்குறி.
இரண்டு நாள் வேலை.
எட்டிப் பார்த்த ஜெயக்கொடி
இட்லிக் கொப்பரையா என்றாள்.
அதற்குப் பிறகு எனக்கும்
ஆவி பறப்பதாகவே தெரிந்தது.

சொல்லுக்கு வந்தேன்.
நல்வரவு, கல்யாண மண்டப வாசலில்
தெர்மாகோலில் மினுக்குவது.
வருக வருக, சுவரொட்டியில்
முகங்கள் போக மிஞ்சிய இடத்தில் இருப்பது.
வணக்கம் என்றால் பதிலுக்குக் கை கூப்ப வேண்டும்,
வருகிறவரின் இரண்டு கையும் விசைப்பலகையில்.

கறுப்புத் திரைக்கோ தமிழ் பழகவில்லை.
கொம்பை ஒரு கட்டத்தில் வைக்கும்,
எழுத்தை அடுத்ததில்.
புள்ளி தன் மெய்யை விட்டு இறங்கி
பக்கத்து வீட்டில் போய் உட்காரும்.
வணககம என்று வந்து நின்றதைப்
பார்த்துக்கொண்டே இருந்ததில் டீ ஆறிவிட்டது.

கோச்சடை நீரேற்று நிலையத்தில் நிறுவினோம்.
ஐப்பசியில் ஒரு ராத்திரி, இரண்டு பத்துக்கு,
இடி இறங்கி இரண்டாவது மோட்டார் நின்றது.
சிக்கந்தர் தன் ஃபோனிலிருந்து நுழைந்திருக்கிறார்.
ஒரு கையில் டார்ச், மறு கையில் ஈரப் பெருவிரல்,
கடவுச்சொல் மூன்றாம் முறைதான் ஏறியதாம்.
அந்தத் திரையில் நாற்பது எழுத்துக்கூடக் கொள்ளாது.
கோபுரம் நடுவில் ஒடிந்து
துண்டு துண்டாய் இறங்கி,
அழுத்தம் காட்டும் வரியை
மேலே எங்கேயோ தள்ளிவிட்டது.

காலையில் கூப்பிட்டார். திட்டவில்லை.
"கோபுரம் நல்லாத்தான் இருக்கு தங்கச்சி.
ரெண்டு மணிக்கு யாரும் சாமி பாக்க வரமாட்டாக."

இந்த வாசலுக்கு யாரும் சும்மா வருவதில்லை.
ஓட வேண்டிய ஏதோ ஒன்று நின்றிருக்கும்,
இல்லை, நிற்க வேண்டியது ஓடிக்கொண்டிருக்கும்.

இருபத்து நாலில் இருபத்தொரு வரியை அழித்தேன்.
எந்த மோட்டார் சூடு, தொட்டியில் எத்தனை அடி,
அது ஒரு வரி.
அடுத்தது இயந்திரமே எழுதிக்கொள்வது,
அதில் நான் கை வைக்கவில்லை:
கடைசியாக உள்ளே வந்தது
சிக்கந்தர் ஃபோன், 02:10.
இதே இருட்டில் தனக்கு முன்னால் ஒருத்தர்
தடவித் தடவி ஏறினார் என்று
இதைவிட எப்படிச் சொல்ல.

மூன்றாவது வரி: வாங்க.

"வாங்கன்னா, என்ன வாங்க? கத்தரிக்காயா?"
ராம்ஜி சாருக்கு வெளியேறும் திரையைக் காட்டினேன்.
அங்கேயும் அதே சொல்.
வீட்டுக்கு வருகிறவரிடமும் வாங்க,
வாசலில் செருப்பு மாட்டுகிறவரிடமும் சரி, வாங்க.
இரண்டு கதவுக்கும் ஒன்று போதும் சார்,
வட்டில் இடமும் மிச்சம் என்றேன்.
கொஞ்ச நேரம் மின்விசிறியைப் பார்த்துவிட்டு
மதுரை எங்கே என்று கேட்டார்.

புள்ளி மட்டும் இன்னும் சரியாகவில்லை.
சிக்கந்தர் திரையில் அது நழுவி
கடைசி எழுத்தின் தலையில் ஏறிக்கொள்கிறது,
வாஙக் என்று.
அவர் வாசித்துவிடுகிறார்.

நேற்று மூன்று நாற்பதுக்கு
எதுவும் நிற்கவில்லை, எதுவும் சூடாகவும் இல்லை.
உள்ளே வந்திருக்கிறார்.
ஒரு கட்டளைகூட அடிக்காமல்
பதினோரு வினாடி இருந்துவிட்டுப் போயிருக்கிறார்.
பதிவேட்டில் இருக்கிறது.